டிஷ்யூ பொட்டலம்

அன்புள்ள அம்மாவுக்கு, நந்தார் வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

தேர்வில் தோற்றதும் நம் ஊர் மோல்மீனுக்கே திரும்பி வரச் சொன்னீர்கள். அன்று இங்கே கல்லூரிக்குப் பக்கத்து உணவங்காடியில், காலி மேசையில் கிடந்த டிஷ்யூ பொட்டலத்தைப் பிரித்து மூக்கைச் சிந்திவிட்டேன். நூடுல்ஸ் தட்டோடு வந்த சீன அம்மா கத்தினார்.

"ஏ பொண்ணே! இடம் பிடிக்க வெச்சதும்மா அது. மூக்கு சிந்தவா வெச்சேன்?"

"சளி, ஆன்ட்டி."

"சளியா? கண்ணுலயுமா? சரி, தள்ளி உட்காரு."

இப்போது தினமும் நூலக மேசையில் என் பொட்டலத்தை வைக்கிறேன். மறுதேர்வு எழுதாமல் அந்த இடத்தை விடமாட்டேன்.

சோற்றோடு தின்ன நம் ஊர் ஊறவைத்த தேயிலை அனுப்புங்கள், அந்த ஆன்ட்டிக்கும் சேர்த்து. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

நந்தார்