ஆள் சேர்ந்தால்தான் வண்டி

ஆகஸ்ட் 4, திங்கள்
மலைப் பக்கம் மூட்டம். இங்கே வெறும் காற்று. துணிக்கொடி அறுந்து கிடந்தது. பாலில் தண்ணீர் அதிகம்; பால்காரர் முருகேசனிடம் சொல்ல வேண்டும்.

சேகர் விடியும் முன்பே எழுந்துவிட்டான். முன்பு ஏலத்தோட்டத்து ஆட்களை ஜீப்பில் மலைமேல் போடிமெட்டுக்கு ஏற்றிப்போன நேரம். ஜீப்பை விற்றது மறந்துவிட்டது, நேரம் மறக்கவில்லை. "ஏறு, வெரசா ஏறு" என்று என் கையைப் பிடித்து இழுத்தான். "சேகர், நான் அம்மா" என்றேன். அறைந்தான். உதட்டில் பல் குத்தி ரத்தம். கூடத்து பெஞ்சில் தள்ளினான்.

கீரைக்காரி உதட்டைப் பார்த்தாள். குளியலறையில் வழுக்கியது என்றேன். போன வாரமும் அதையே சொன்னேனாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
வெயில். மாத்திரை வாங்க வேண்டும், பினாயிலும்.

குளிப்பாட்டும்போது வாசுகியின் சுண்டுவிரலை முறுக்கிவிட்டான். கரண்டிப் பருமனுக்கு வீக்கம். அந்தக் கையாலேயே தோசை சுட்டாள் என் மருமகள்.

"அத்தே, என்னால முடியல. ஒரு ஆள் வைப்போம். இல்ல, தெருவுலயாவது சொல்லி வைப்போம்."

"என் மகனைப் பைத்தியம்னு தெரு பேசணுமா?"

"பைத்தியம் இல்ல அத்தே, மூளைல நோவு. டாக்டர் எத்தன தடவ சொல்லிட்டாரு, அல்சைமர்னு."

பெயர் எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில் அவனுக்கு. என் வயதுக்கு வர வேண்டியது, ஆள் மாறி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்
மோசமான நாள்.  எழுதும் வரி கோணலாகப் போகிறது. நான் படித்த கான்வென்டில் இதற்கு முட்டி போட வைப்பார்கள்.

காலையில் வழக்கம்போல் என்னைப் பெஞ்சில் தள்ளினான். பிறகு கத்தல். "ஆளு எங்க? ஒத்த ஆளுக்கு வண்டி எடுக்க முடியுமா? டீசலு உங்கப்பனா ஊத்துவான்?" சொம்பு பறந்தது, ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. தடுக்க வந்த வாசுகியை முடியைப் பிடித்துக் கதவில் மோதினான். மறுபடியும் மோதினான். கைத்தடியை எடுத்து ஓங்கி அடித்தேன். தோளில், முதுகில். நிறுத்த முடியவில்லை. தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குந்திவிட்டான். "அடிக்காதீங்க, வண்டி எடுத்துர்றேன்." யாரென்று தெரியாமல் என்னிடம் கெஞ்சினான்.

எதிர்வீட்டுப் பாண்டியம்மா வந்தாள். முன்பு தோட்டத்துக்கு அவன் ஜீப்பில் போனவள். வாசலை மறித்து "ஒன்றுமில்லை" என்றேன்.

"என்ன ஒண்ணுமில்ல பெரியம்மா? சில்லு ரோடு வரைக்கும் கெடக்கு."

என் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். "சேகரண்ணே, மெட்டுக்கா?"

எழுந்தான். "ஆமா. தள்ளி ஒக்காரு, ஆளு வரணும்." முஷ்டி தளர்ந்தது. நானும் உட்கார்ந்தேன். நெற்றியில் ரத்தத்தோடு வாசுகியும்.

"முந்தியும் இப்பிடித்தான்" என்றாள் பாண்டியம்மா. "ஆட்டக் கணக்காத் திணிப்பாரு. மூச்சு விட எடம் கேட்டா, மெட்டுல போயி விடுன்னுவாரு."

வாசுகி சிரித்தாள். காயத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனாலும் ஆள் நிறையவில்லை. பாண்டியம்மா போனதும் அடுப்பை உதைத்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்
சாரல். வாசுகிக்குத் தையல் போட்டார்கள். கதவில் இடித்ததாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் அடிச்சாரு. அவருக்கு மறதி நோவு." நர்ஸ் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை.

மாலை பை கட்டினாள். "நாளக்கிக் காலைல நான் ராசிங்காபுரம் போறேன் அத்தே, எங்கம்மா வீட்டுக்கு. ஊர்ல வாயத் தொறந்து ஒதவி கேக்கறதா இருந்தா இருக்கேன். இல்லாட்டி நீங்களே பாத்துக்கங்க."

 நாளைக்குக் கட்டக் கஞ்சி போட்ட சேலையை எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
சாரல் விடவில்லை. வாசுகியின் பை கதவருகே. சேகர் பெஞ்சை இழுத்தான், பக்கத்தில் கட்டிலை இழுத்தான். "ஆளு இல்லையா?" ஏதோ உடைந்தது.

தெருக்கதவைத் திறந்தேன். தெருவில் குரல் உயர்த்தியதே இல்லை. கத்தினேன்: "மெட்டு! மெட்டு! இடம் இருக்கு, வாங்க!" தொண்டை கிழிந்தது. மறுபடியும்.

முருகேசன் வண்டியை நிறுத்தினார். "என்ன பெரியம்மா இது?"

"என் மகனுக்கு அல்சைமர். எங்களை அடிக்கிறான். உள்ளே வந்து கொஞ்ச நேரம் உட்காருங்க."

பாலில் தண்ணீர் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் வந்தார். பாண்டியம்மா, அவள் கணவர், தோட்டத்து ஜீப்புக்கு நின்ற பெண்கள். பெஞ்சும் கட்டிலும் நிறைந்தன. முருகேசனுக்குக் காலில் ஓர் உதை. "யப்பா, ஜீப்புல வாங்குன அதே ஒதை!" என்றார். என் பிடரியைப் பிடித்து இடுக்கில் திணித்தான் சேகர். "ஏ கெழவி, ஒடுங்கு." வலித்தது. ஒடுங்கினேன்.

சுவரைத் தட்டினான். "போலாம்." நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். 

எதிரே வாசுகி, பையை மடியில் வைத்துக்கொண்டு. இறங்கவில்லை.