வேட்டியில் சுற்றி வந்த ஸ்டெபிலைசர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறாரா?

எங்கள் போர்வெல் ரிக்கோடு ஓடும் ஃபோர் வீல் பிக்கப்பில் ஸ்டியரிங் உதறுகிறது என்று போனில் சொன்னது என் தப்பு. "நம்மூரு சாமான்தான் தாங்கும்" என்று திருச்செங்கோட்டில் உதறலை அடக்கும் ஸ்டெபிலைசர் வாங்கி, உங்கள் பழைய வேட்டியில் சுற்றி, இங்கே வரும் ஆளிடம் கொடுத்துவிட்டீர்கள். இங்கே கானா நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம், அப்பா. எத்தனை முறை சொன்னேன். அது இந்த வண்டியில் பொருந்தாது.

வெல்டர் குணசீலன் அண்ணன் விடவில்லை. "அப்பா குடுத்துவுட்ட சாமானத்த வீசறதா சாமி? கிளாம்ப வெட்டி அந்தப் பக்கம் வெல்டு வெச்சா நிக்காம எங்க போயிரும்?"

நின்றது. முதல் வளைவில் ஸ்டியரிங்தான் பாதிக்கு மேல் திரும்பவில்லை. வண்டி மெதுவாக ஒரு மக்காச்சோளக் காட்டுக்குள் போய் நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. காட்டுக்காரர் வெகுநேரம் சிரித்தார்.

பிறகு இங்கேயே ஒன்று வாங்கி மாற்றினோம். இப்போது உதறல் இல்லை.

கிரீஸ் கையைத் துடைக்க அண்ணன் உங்கள் வேட்டியைக் கிழிக்கப் போனார். கத்திவிட்டேன். அவர் திகைத்துப் போய்விட்டார், நானும்தான்.

தயவுசெய்து இனி வண்டிச் சாமான் அனுப்பாதீர்கள். யாராவது வந்தால் பருப்புப் பொடி மட்டும் போதும். அதையும் உங்கள் துணியில் சுற்றியே கொடுங்கள். துவைக்காத துண்டாக இருந்தாலும் பரவாயில்லை.

ரிக் கிளம்புகிறது. ஹாரன் அடிக்கிறார்கள்.

கவின்