அண்டா கழுவ மட்டும் கூப்பிட்டார்கள்

என் பிரியமான சலோமி அக்காவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. நம் சபையின் மாத இதழில் போட உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கொடுத்தேன். இதழைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஃபோன் செய்தார். "நல்லா எழுதியிருக்கீங்க சிஸ்டர். நடுவுல வர்ற ரெண்டு பாராவ மட்டும் எடுத்துரலாமா? சபை சமாதானத்துக்காகத்தான் கேக்கேன்" என்றார். எடுக்க முடியாது என்றேன். அப்படியென்றால் போட முடியாது என்றார். ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன். பக்கத்தில் நின்று படிப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நாங்கள் நசரத்பேட்டை ஃபிளாட்டுக்குக் குடிவந்த புதிதில், சென்னீர்குப்பம் கோயிலில் எனக்கு ஒரு முகமும் தெரியாது. ஐந்து மாதக் கர்ப்பம். திருவிருந்து அப்பம் எடுக்கும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது என்று வெறும் வயிற்றோடு வந்து, பிரசங்கத்தின் நடுவில் கண் இருட்டிப் பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து வந்தது நீங்கள் ஒருவர்தான்.

"இன்னா கண்ணு, புள்ளத்தாச்சி வெறும் வவுத்தோட வரலாமா? ஆண்டவரு கோச்சிக்க மாட்டாரு, இத்த குடி மொதல்ல" என்று உங்கள் தூக்கிலிருந்த கஞ்சியை ஊற்றிக் கொடுத்தீர்கள்.

பிள்ளை பிறந்தபோது என் அம்மாவால் ஊரிலிருந்து வர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் பூண்டுக் குழம்பும் சோறும் உங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. உங்கள் மகள் ரூபி என்னைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

அக்கா, எங்கள் தெற்குப் பக்கத்தில் சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று ஒருவர் கேட்டால், சாதி கேட்கிறார் என்று அர்த்தம். ஞானஸ்நானம் எடுத்து நாலு தலைமுறை ஆகியும் அந்தக் கேள்வி மட்டும் மனம்திரும்பவில்லை. நீங்கள் அதை என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்காமலே உங்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அது பழக்கம்.

அறுப்பின் பண்டிகை விருந்துக்கு வருஷாவருஷம் நீங்களும் உங்கள் தெருப் பெண்கள் நாலு பேரும்தான் சமைப்பீர்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், ஒரு பொரியல். கோயில் ஓட்டுக்கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான் என்று சொல்வார்கள். பிறகு நெடுஞ்சாலை ஓரம் ஃபிளாட்டுகள் எழும்பின. எங்கள் ஆட்கள் வந்து பெஞ்சுகளை நிரப்பினார்கள்; அடுத்த தேர்தலில் கமிட்டியையும் நிரப்பினார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கமிட்டிக் கூட்டம் முடிந்து வந்த என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவ சமையலுக்கு ஊர்லேர்ந்து மாஸ்டர் வாராரு."

"ஏன், சலோமி அக்கா என்ன ஆச்சு?"

"போன தடவ அஞ்சாறு குடும்பம் சாப்பிடாமலே போயிட்டாங்கல்லா. அவங்க கை வச்சத நாங்க எப்படின்னு கேக்காங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? எல்லாம் நம்ம சொந்தக்காரங்க. நீயும் வெளிய எதுவும் பேசாத."

நான் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பெண்கள் கூட்டத்தில் போதகரின் மனைவி, நம் ஐயர் அம்மா, எழுந்து அறிவித்தார்கள். சலோமி அக்காவுக்கு இந்த வருஷம் ஓய்வு கொடுக்கிறோம் என்றார்கள். சிலர் கைதட்டினார்கள். நீங்கள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். நான் வேதாகமத்தைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். எந்தப் பக்கம் என்றுகூட நினைவில்லை.

"ஆமாம்மா, எனுக்கும் முட்டி வலிக்குது. வயசாயிட்ச்சி இல்ல?" என்று நீங்களே சிரித்து அந்தப் பேச்சை முடித்து வைத்தீர்கள்.

பண்டிகையன்று மாஸ்டர் சமைத்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள், அந்த அஞ்சாறு குடும்பமும் சாப்பிட்டது. பாத்திரம் கழுவ ஆள் போதவில்லை என்று உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நீங்கள் வந்தீர்கள். ஏன் அக்கா வந்தீர்கள்? கோயில் பின்பக்கக் குழாயடியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். மிஞ்சிய குழம்பை டப்பாவில் வாங்கிக்கொண்டு நான் அந்த வழியாகத்தான் காருக்குப் போனேன். நீங்கள் நிமிர்வதற்குள் போய்விட வேண்டும் என்று வேகமாக நடந்தேன்.

அதன் பிறகு கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தீர்கள். பிறகு கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டீர்கள். முட்டி வலி என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். வசதியான வலி அது.

நீங்கள் படுத்த படுக்கையானபோது ஒருநாள் பார்க்க வந்தேன். ரூபி டீ போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்தீர்கள். "ஒன்னே ஒன்னு சொல்லு கண்ணு. என்னிய ஏன் நிறுத்துனாங்கன்னு உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

"அப்ப சரி" என்றீர்கள். உங்கள் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

உங்கள் அடக்கத்துக்குக் கோயில் நிறைந்திருந்தது. உங்கள் கைச்சோறு வேண்டாம் என்றவர்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "சபைக்கே அன்னமிட்ட தாய்" என்று கண்ணைத் துடைத்தார். எனக்கு அழுகை வரவில்லை.

இதழில் போட மறுத்ததைப் பெண்கள் கூட்டத்தில் எழுந்து வாசித்தேன். யார் எதற்காக உங்களை நிறுத்தினார்கள், யாருக்கெல்லாம் தெரியும், எனக்கும் தெரியும் என்பது வரை. ஒருவரும் மறுக்கவில்லை. ஒருவரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஐயர் அம்மா எழுந்து, "இதுக்காக ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிட்டார்கள். நம் சபையில் ஒருவர் வாயை அடைக்க ஜெபத்தைவிட நல்ல துணி கிடையாது. என் கணவர் ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை.

நேற்று ரூபியைப் பார்க்கப் போனேன். அவள் இப்போது வேலப்பன்சாவடியில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போகிறாள். எல்லாவற்றையும் சொன்னேன், உங்களிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அம்மா சாவற வரிக்கும் சொல்லிகினே இருந்துச்சி, கிருபாவுக்கு ஒன்னுந்தெரியாது, அது அந்த மாதிரி இல்லன்னு. இத்த நீ அம்மாகிட்ட சொல்லியிருக்கணும். என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போது?" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். என்னைச் சித்தி என்று அவள் கூப்பிடவில்லை.

அக்கா, மன்னிப்பு கேட்க மாட்டேன். கேட்டால் நீங்கள் உடனே கொடுத்துவிடுவீர்கள், எனக்கு அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கக் கூடாது. நம் கோயிலை விட்டுப் போகவும் மாட்டேன். போய்விட்டால் அவர்களுக்கு நிம்மதி. ஒவ்வொரு வருஷமும் பண்டிகைக்கு முந்திய கூட்டத்தில் எழுந்து நின்று, சலோமி அக்காவை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பேன். கண்ணை மூடி ஜெபித்தால், ஆமென் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்து மறுபடியும் கேட்பேன். இது சத்தியம்.

தெரிந்திருந்தும் தெரியாது என்ற
உங்கள் தங்கை,
கிருபா