மாமிக்குச் சொல்லும் நிறை

அன்புள்ள தோழி,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இங்கே சுவிஸில் இரவு பதினொன்றரை தாண்டிவிட்டது. மேசையில் மகளின் பள்ளிக்கூடப் படிவம் கிடக்கிறது. திங்கட்கிழமை அவளுடைய வகுப்பு ஐந்து நாள் மலையில் தங்கிப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறது. பெயர், உயரம், சப்பாத்தளவு, அதற்குக் கீழே நிறை, கிலோவில். அந்தக் கட்டத்தைக் கண்டதும் நீ கனடாவுக்குப் போய் இரண்டு வருடமாகிவிட்டதே என்றிருந்தது.

கூர் நகரில் சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கும் அந்தக் கடை நினைவிருக்கிறதா? மகளுக்கு அப்போது ஏழு வயது. கடைக்காரர் அவளுடைய நிறையைக் கேட்டார். நான் யோசிக்காமல் "இருபத்திநாலு" என்றேன். பிள்ளை மெலிந்துவிட்டாளா என்று மாமி, இவருடைய அம்மா, தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் சொல்லிப் பழகிய கணக்கு அது. நீ அவளைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

"எடியே, உது மாமிக்குச் சொல்லுற நிறை. இஞ்ச உண்மையைச் சொல்லு."

தராசில் ஏற்றினால் பத்தொன்பது. என் முறை வந்தபோது எட்டுக் கிலோவைக் குறைத்துச் சொல்லிவிட்டேன்.

"பிள்ளைக்குக் கூட்டுறாய், உனக்குக் குறைக்கிறாய். ரெண்டையும் சேர்த்தால் சரிவருமெண்டு நினைச்சியோ?"

ஒரு சொல்லும் விளங்காமலே கடைக்காரரும் சிரித்தார். பிறகுதான் நீ விளக்கினாய்: சப்பாத்தைப் பலகையோடு பிடித்து வைக்கும் பூட்டை நிறையைப் பார்த்துத்தான் இறுக்குவார்கள். கூட்டிச் சொன்னால் விழும்போது அது கழலாது. பலகை ஒரு பக்கம் திரும்ப, முழங்கால் முறுகிவிடும். என் எட்டுக் கிலோவையும் உடனே திருத்திச் சொன்னேன்.

அதற்கு முன்பே, இலையுதிர் காலம் முழுக்க, எங்கள் வரவேற்பறைச் சுவரில் முதுகை வைத்து, கால் பலப்படவென்று, கதிரை இல்லாமலே அதில் இருப்பதுபோல் எங்களை இருத்தினாயே! என் தொடை நடுங்கும். மகள் ஜெர்மன் மொழியில் வேகமாக எண்ணி உன்னை ஏமாற்றப் பார்ப்பாள். "முழங்கால் உள்ளுக்குச் சாயுது, நேர விடு!" என்று உன் பிசியோதெரபி வேலைக் குரலில் அதட்டுவாய். மலையில் வேறொன்று சொன்னாய்: "களைச்சால் நிப்பாட்டு. கடைசியா ஒருக்கா எண்டு போறதிலதான் கால் போறது." இன்றும் நானும் அவளும் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். இவர் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாக ஓடி விளையாடிவிட்டு வந்தால், இடது முழங்காலுக்குக் கீழே நோகிறது என்கிறாள் மகள். டொக்டரிடம் காட்டினேன்: வளர்கிற வயது, பயமில்லை, சறுக்கலாம். ஆனால் நோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று டொக்டர் சொன்னார். படிவத்தில் "உடல்நலக் குறை" என்றும் ஒரு கட்டம் இருக்கிறது.

"அம்மா, ஒண்டும் எழுதாதேங்கோ. ரீச்சர் என்னை மட்டும் சறுக்க விடாமல் கீழ இருத்திப் போடுவா."

அழுது, கோபித்து, நித்திரையாகிவிட்டாள். "ஒன்றுமில்லை" என்று எழுத அந்தக் கட்டத்தில் பேனையை வைத்தும்விட்டேன். முடியவில்லை. டொக்டர் சொன்னதை அப்படியே எழுதி, மத்தியானத்துக்குப் பிறகு ஓய்வு கொடுங்கள் என்றும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

காலையில் படிவத்தைப் பார்த்தால் என்னோடு கதைக்கமாட்டாள். அரை நாள் சறுக்குவது தோல்வியில்லை என்று நான் சொன்னால் அது அம்மாவின் பயம் என்பாள். நீ சொன்னால் கேட்பாள். சனிக்கிழமைக்குள் அவளுக்கு மின்னஞ்சலில் இரண்டு வரி போடு. கெதியாய்ப் பதில் எழுது.