இடது காலை மட்டும் எண்ணிய கருவி

அனுப்புநர்:
ம. முத்தம்மா,
இயற்பியல் ஆசிரியை (ஓய்வு),
பழைய எண் 14, புதிய எண் 31, முதல் தளம்,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்:
சரிபார்ப்பு அலுவலர் அவர்கள்,
தென்சென்னை மெய்நிகர் மிதிவண்டிக் கழகம்,
தியாகராய நகர், சென்னை – 600 017.

பொருள்: மகளிர் மலையேற்றப் பந்தயம் – திருமதி கமர் ஜஹான் தகுதி நீக்கம் – மறு அளவீடு கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மின்னஞ்சல், நாள் 6.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட பந்தயத்தில் ஐந்தாவதாக வந்து, நவம்பர் 30 அன்று தரமணியில் நடக்கும் இறுதிப் போட்டிக்குத் தேர்வானவர் கமர் ஜஹான். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்தொன்று. பந்தயத்தை அவர் ஓட்டியது என் வீட்டுக் கூடத்தில், என் மூட்டு வலிக்காக வாங்கிய, நின்ற இடத்திலேயே மிதிக்கும் இயந்திரத்தில், இணையம் வழியாக. ஆகவே நடந்ததற்கு நான் சாட்சி. நடந்த தவறில் எனக்குப் பங்கும் உண்டு.

2. மிதிப்பவரின் திறனை இரண்டு கருவிகள் தனித்தனியே அளக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது தங்கள் விதி. நல்ல விதி. திரையில் தெரியும் மலை என்பதற்காக யாரும் அதைப் பொய்யாக ஏறிவிடக் கூடாது. இயந்திரம் சராசரி 142 வாட் காட்டியது. பெடலில் பொருத்திய இரண்டாவது கருவி 62 வாட் காட்டியது. இணையதளத்தில் கமர் ஜஹான் பெயருக்கு எதிரே "தரவு மோசடி" என்று போட்டு, ஓராண்டுத் தடையும் விதித்தீர்கள். எண்களை மட்டும் பார்த்திருந்தால் நானும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன்.

3. அந்த இரண்டாவது கருவி இடது பெடலில் மட்டும் பொருத்துவது. இடது காலின் திறனை அளந்து, வலது காலும் அவ்வளவே தரும் என்று வைத்துக்கொண்டு, இரண்டால் பெருக்கிச் சொல்லும். வகுப்பில் இடப்பக்க பெஞ்சுகளை மட்டும் எண்ணி, இரண்டால் பெருக்கி வருகைப் பதிவேட்டில் எழுதுவது போல. பெரும்பாலான நாள்களில் ஏறக்குறையச் சரியாகவே வரும். இடப்பக்கப் பிள்ளைகள் பாதிப் பேர் அம்மை கண்டு வராத நாளில்தான் சிக்கல்.

4. கமர் ஜஹானுக்குக் குழந்தைப் பருவத்தில் போலியோ தாக்கியது. இடது காலில் காலிப்பர் என்னும் இரும்புத் தாங்கி அணிந்தே மிதிக்கிறார். அந்தக் கால் தருவது 31 வாட். மீதி 111 வாட்டும் வலது காலுடையது. கருவிக்கு 31-ஐ இரட்டிப்பாக்க மட்டுமே தெரியும்.

5. அந்தக் கருவியை ராயப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஷோயபிடம் இரவல் வாங்கி வந்தவள் நான். அவருக்கு இரண்டு காலும் ஒன்றுபோல் உழைப்பதால் அவர் யோசிக்கவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் மாணவிகளிடம், "எதை அளக்கிறது என்று தெரியாமல் எந்தக் கருவியையும் தொடாதே" என்று சொன்ன நானும் கேட்கவில்லை. இதற்கு வருந்துகிறேன். பந்தயத்துக்கு முன் தங்களுக்கு அனுப்பிய எடை வீடியோவிலும் ஒன்று கவனித்திருப்பீர்கள். காலிப்பரின் எடையைக் கழித்துக் கொடுத்தால் ஏற்றத்தில் லாபம் என்றேன். மாட்டிக்கொண்டுதானே ஓட்டுகிறேன் என்று கமர் ஜஹான் மறுத்து, அதையும் சேர்த்தே எடை காட்டினார்.

6. தங்கள் உதவியாளர் திரு. ஜவஹர் தொலைபேசியில் விசாரித்தபோது கமர் ஜஹான் சொன்ன பதிலைத் திருத்தாமல் தருகிறேன்: "சார், என் இடது காலு நாப்பது வருசமா என்னிய ஏமாத்திகினு கீது. நான் யாரையும் ஏமாத்தினது இல்ல." திரு. ஜவஹர் முதலில் சிரித்துவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டார். விதி எழுதியபோது இப்படி ஒரு காலை யாரும் நினைக்கவில்லை, எழுத்தில் கொடுங்கள் என்றார். அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

7. பின்னர் ஷோயப் இரு பெடலிலும் பொருத்தும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். இடது 32, வலது 110, மொத்தம் 142. இயந்திரம் காட்டியது 143. பதிவை இணைத்துள்ளேன். ஆனால் எங்கள் வீட்டில் நாங்களே எடுத்ததைத் தாங்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தக் கூடாது. தங்கள் அலுவலகத்தில், தங்கள் இயந்திரத்தில், தாங்கள் குறிக்கும் நாளில் அவரை மிதிக்கச் சொல்லுங்கள். நவம்பர் 30-க்கு முன் அந்த நாள் அமைந்தால் போதும்.

8. சலுகை எதுவும் கேட்கவில்லை. முடிவு தெரியும்வரை "மோசடி" என்ற சொல்லை எடுத்துவிட்டு "சரிபார்ப்பில் உள்ளது" என்று போட வேண்டுகிறேன். கடைக்கு ஜாக்கெட் தைக்க வருபவர்கள்கூட அதைப் படித்துவிட்டு வருகிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் இரு கால்களின் திறனும் வேறுபடுமா என்று ஒரு கேள்வியும் சேர்த்தால், அடுத்து வருபவருக்கு இந்த மனு தேவைப்படாது.

9. ஆறாவதாக வந்து இந்த இடத்தைப் பெற்ற நங்கநல்லூர் நிஷா எந்தத் தவறும் செய்யவில்லை. அவரை நீக்க வேண்டாம். இறுதிப் போட்டியில் ஐவருக்குப் பதில் ஆறு பேர் ஓட்டலாம். ஆறாவது இயந்திரம் இல்லையென்றால் என்னுடையதை ஆட்டோவில் ஏற்றித் தரமணிக்கு அனுப்பிவைக்கிறேன்.

10. தடை அறிவிப்பு வந்த மறுநாள் மட்டும் கமர் ஜஹான் பயிற்சிக்கு வரவில்லை. இன்று காலை, கடை திறக்கும் முன் வந்து அதே மலையை ஏறினார். பந்தய நாளைவிட ஐம்பது நொடி குறைவாக ஆனது. இதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். தாங்கள் அளக்கும் நாளில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்காக மட்டும் தெரிவிக்கிறேன்.

இடம்: மயிலாப்பூர்
நாள்: 14.11.2025

தாங்கள் குறிக்கும் நாளுக்காகக் காத்திருக்கும்,
ம. முத்தம்மா

படித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மை:
கமர் ஜஹான்

இணைப்பு: இரு பெடல் அளவீட்டுப் பதிவு, மருத்துவச் சான்றின் நகல்.