‘ஒண்டும் இல்ல’ என்று எழுதினவளுக்கு

இன்று காலை தபால்காரர் என் தையல் கடைக்கு ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்தார். மேலே உன் பெயர், நீ கொடுத்திருந்த என் கடை முகவரி. நாம் இருவரும் சேர்ந்து படித்த தபால்வழி இறையியல் வகுப்பின் கடைசிப் பாடத்துக்கு நீ எழுதிய விடைத்தாள். கொழும்பில் தாள் திருத்துகிறவர் மாறியதால் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும் என்று ஒரு துண்டுக் கடிதமும் உள்ளே இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருடம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

‘இரட்சிப்படைய மனிதன் தன் பங்குக்கு எதைக் கொண்டுவருகிறான்?’ என்ற கேள்விக்கு நான் ஒரு பக்கம் எழுதினேன். நீ இரண்டே சொல்லில் முடித்திருக்கிறாய்: ‘ஒண்டும் இல்ல.’ அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘விடை சரி. எழுத்துத் தமிழில் எழுதவும்’ என்று அரைப் புள்ளி குறைத்திருக்கிறார்கள். முதலில் சிரித்தேன். பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

செவ்வாய்க்கிழமைகளில் நீ விநாயகபுரத்தில் பஸ் ஏறி, இரத்தம் சுத்திகரிக்கக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு வருவாய். முடிந்ததும் பஞ்சு ஒட்டிய கையோடு கடைக்கு வந்து, என் வெட்டுத்துணிகளை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பாடத்தை விரிப்பாய். சீர்திருத்த சபையின் உபதேசம் நம் பக்கத்துக்குப் புதிது. நமக்குப் பிரதி எடுத்துத் தந்த போட்டோக்கொப்பிக் கடை முஸ்லிம் அண்ணன், நம் ‘காக்கா’, எடுக்கும்போதே வாசித்தும் விடுவார்.

“தங்கச்சி, இந்த முன்குறித்தல், அல்லாஹ் எழுதின விதி எண்டு நாங்க சொல்ற களா கத்ரு மாதிரித்தானே இரிக்கி” என்றார் ஒருநாள்.

“கிட்ட வருது காக்கா. ஆனா ரெண்டும் ஒண்டில்ல. இருங்க, சொல்றன்” என்று நீ கதிரையை இழுத்துப் போட்டாய். பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு உனக்கு நோய் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

மறக்காதது இன்னொன்று. உன் கணவரின் ஜெபவீட்டுப் பாஸ்டர் உன்னைப் பார்க்க வந்த நாள். எண்ணெய் பூசி, உரத்த குரலில் ஜெபித்து, கடைசியில் சொன்னார்: “உங்கட விசுவாசத்தில ஏதோ குறை இருக்கு சிஸ்டர். அதுதான் சுகம் வரல்ல.”

கட்டிலருகில் நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ தலையணையில் சாய்ந்தபடி, “ஓம் பாஸ்டர், குறை இருக்கு. இல்லாட்டி கிருபை என்னத்துக்கு?” என்றாய். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். ஆனால் உன் நல்லடக்கத்துக்குப் பிறகு அதே பேச்சு வளர்ந்தது. மனைவிக்கு இல்லாவிட்டாலும் கணவனுக்காவது விசுவாசம் இருந்திருக்க வேண்டாமா என்றார்கள் ஜெபவீட்டில். உன் மனிதர் அதை நம்பிவிட்டார். அவருடைய தோணி பல மாதமாகக் கரையில் கிடக்கிறது.

நேற்று அந்தப் பாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை உன் நினைவுக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம்.

“கடைசியில அவ தன்ட அவிசுவாசத்த அறிக்கை செஞ்சா எண்டு சொல்லுங்க. சனத்துக்குப் பிரயோசனமா இருக்கும்.”

“அவ அப்படிச் சொல்லல்லையே.”

“பொம்புளைகள் உபதேசம் படிக்கப் போனா இப்பிடித்தான். அப்ப உங்களுக்கு மைக் தர ஏலாது.”

“வேணாம் பாஸ்டர். எனக்குச் சத்தம் இருக்கு.”

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். முன்பெல்லாம் இப்படிப்பட்ட பேச்சுக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தவள். நோயாளியின் தலையில் பழியைப் போடுகிறவனுக்கு வழிவிடாத இந்தப் பிடிவாதம் உன்னிடம் இருந்து தொற்றியது. நான் படித்த இறையியல் எல்லாம் இதற்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். சான்றிதழ் வந்தாலும் வராவிட்டாலும் சரி.

பாஸ்டர் போனை வைத்ததும் உன் மனிதரைக் கூப்பிட்டேன். அவர் நலம் விசாரிக்கவில்லை. “நான் இன்னும் கொஞ்சம் உருக்கமா ஜெபிச்சிருந்தா அவ இருந்திருப்பாவோ அக்கா?” என்றுதான் கேட்டார்.

“இல்ல தம்பி. உங்கட விசுவாசத்தால அவ வாழவும் இல்ல, அது குறைஞ்சு அவ சாகவும் இல்ல. ரெண்டு நேரமும் அவவப் பிடிச்சிருந்தது ஆண்டவர்ட கை.”

மறுமுனையில் அழுகை கேட்டது. மூக்கைச் சிந்திவிட்டு அவர் கேட்டார்: “இத ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களா?”

“ஓம்” என்றேன். “நீங்க முன்வரிசையில இருங்க.”