எதிர்முனையில் ஆளில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சுகமா? போனில் கதைத்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

நேற்று பாங்கொக்கில் எங்கள் பெண்கள் பேஸ்போல் அணிக்கு முதல் ஆட்டம். நான் அடித்த பந்து பக்கத்திலேயே உருண்டது. மட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன். பேஸ்போலில் அடித்தால் ஓடியே ஆகவேண்டும். ஆனால் எனக்குக் கேட்டது, கோப்பாயில் வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கிரிக்கெட் விளையாடும்போது எதிர்முனையில் இருந்து நீங்கள் போடும் சத்தம்தான்: "நில்லு பிள்ளை, அவசரப்படாதை."

ஆட்டமிழந்தேன். "ஆருக்காகக் காத்துக்கொண்டு நிண்டனீ?" என்று அணியில் இருக்கும் மட்டக்களப்புத் தோழி கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதிலிருந்து அறைக்குள் இருக்க முடியவில்லை. படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். என் சைக்கிளை மழையில் விடாதீர்கள். பழைய சப்பாத்தை நாய் கடிக்காமல் எடுத்து வையுங்கள்.

நாளை ஆட்டத்திலும் என்னை இறக்குவார்களாம். பயிற்சிக்குப் பஸ் வந்துவிட்டது. அப்பா, "ஓடு பிள்ளை" என்று உங்கள் குரலில் பதிந்து அனுப்புங்கள். அதை நீங்கள் சொல்லி நான் கேட்டதேயில்லை.

உங்கள் மகள்,
சிவகௌரி